சனிக்கிழமை மேடு ஏறாத கார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் உலு திராம் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் பத்துப் பதினைந்து கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றால், எங்கள் கார்க் குழு கூடியிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஆண்கள் மனைவியின் பிறந்தநாளை மறப்பார்கள். எஞ்சின் எண்ணெயை எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றினோம் என்பதை மட்டும் மறக்கமாட்டார்கள். நான் ஓய்வு பெற்ற மெக்கானிக், பெயர் பரமேஸ்வரி. குழுவில் இருக்கிற ஒரே பெண்ணும் நான்தான். சண்டை முற்றினால் பஞ்சாயத்து என் மேசைக்கு வரும்.

போன மாதம் முற்றியது மின்சாரக் கார் சண்டை. புதிதாக ஒன்று வாங்கிய கணேஷ், அதன் பெருமையை ரொட்டி சானாய் ஆறும்வரை பேசினான். "பெட்ரோல் இல்ல, எண்ணெய் இல்ல. மிதிச்சா காது அடைக்குது." எதிரில் இருந்தவன் விடவில்லை. "எட்டு வருஷம் போவட்டும் லா. பேட்டரி மாத்துறப்ப வீட்ட விக்கப் போற." இன்னொருவன் மூன்று சிலிண்டர் வண்டி சிக்னலில் நின்றால் பல் ஆடுகிறது என்றான். அப்படியே பேச்சு சுற்றி வந்து, கணேஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இனிமே ஸ்கேனர மாட்டினா அதுவே எல்லாத்தையும் சொல்லிடும், அக்கா. உங்க மாதிரி ஆளுங்களுக்கு வேலையே இல்ல."

பாசமாகத்தான் சொன்னான். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. தே தாரிக் டீயைக் கீழே வைத்துவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்திருந்த சிவநேசனைப் பார்த்தேன். "உன் வண்டி கதைய நான் சொல்லவா, நீ சொல்றியா?" என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங்கக்கா, எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு," என்றான். சொன்னேன். அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், குழுவின் ஆண்டு மலரில் போடலாம் என்று பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் இது.

நான் மெக்கானிக் ஆனது சுற்று வழி. கோத்தா திங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சர்க்யூட் பலகைகளைச் சோதித்தேன். தொழிற்சாலையை மூடினார்கள். மாலை வகுப்பில் வாகன மின்சாரம் படித்து, தெப்ராவிலேயே ஒரு கார் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். வயரிங் பகுதியில் சில வருடம் போனது. முப்பத்தெட்டு வயதில் டெஸ்டர் வேலை கேட்டேன். டெஸ்டர் என்றால், வாடிக்கையாளரின் வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்த்து நோய் என்ன என்று சொல்பவர். பட்டறையில் அதுதான் மரியாதையான வேலை. அதுவரை அந்த இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை.

வேலையைக் கொடுத்தவர் எங்கள் சர்வீஸ் மேனேஜர் காதர் பாய். ஒல்லியான மனிதர். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் நம் பக்கத்தில் வந்து நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால், எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

அவருக்கு மூன்று பழக்கம். முதலாவது, ஜாப் ஷீட் எழுதி முடிக்கும்வரை யாரும் வண்டியைத் தொடக் கூடாது. அந்தத் தாளின் மேல் பாதியில் வண்டிக்காரர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும். நான் முதல் நாள் "பிக்கப் குறைவு" என்று எழுதினேன். கிழித்துப் போட்டார். "இத அவர் சொன்னாரா, நீ சொன்னியா?" என்று கேட்டார். வண்டிக்காரர் சொன்னது "மிதிச்சா வண்டி யோசிக்குது" என்பது. அதையே மறுபடி எழுதினேன். இரண்டாவது, சாலைச் சோதனையில் காதர் பாய் எப்போதும் பின் இருக்கையில்தான் உட்காருவார். முன்னால் உட்கார்ந்தால் கண் மீட்டருக்குப் போய்விடுமாம். மூன்றாவது, "இந்த மாடலே அப்படித்தான்" என்ற வார்த்தையை யார் சொன்னாலும் அன்று அவர்களோடு பேசமாட்டார்.

அவருக்கென்று ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. இருபத்தைந்து வயது வண்டி, பட்டறை மரத்தடியில் நிற்கும். அதன் சாவி அவர் சட்டைப் பையை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. டயர் மாற்றுவதானாலும் அவரே ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு குனிவார்.

காதர் பாய் வேலையைக் கொடுத்தாரே தவிர, மேலே வட்டார மேலாளர் ஒருவர் இருந்தார். கோலாலம்பூரிலிருந்து மாதம் ஒரு முறை வருவார். பெண்பிள்ளை கையில் சாவியைக் கொடுக்க வாடிக்கையாளர்கள் தயங்குகிறார்கள் என்று அவர் மலாய் மொழியில், மிகவும் மரியாதையாக என்னிடமே சொன்னார். ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் நான் சரி என்று கையெழுத்துப் போட்ட வண்டி ஒன்று அதே கோளாறோடு திரும்பி வந்தாலும் நான் கவுண்டருக்குப் போய்விட வேண்டும். சிரித்த முகத்தோடு டோக்கன் கொடுக்கிற வேலை. கவுண்டர் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். ஐந்து மாதம் ஒரு வண்டியும் திரும்பவில்லை. ஆறாவது மாதம் சிவநேசன் வந்தான்.

சிவநேசன் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். வார நாட்களில் மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போவது அவன் காரில்தான். டர்போ வைத்த ஜப்பான் கார், கையில் கியர் போடுவது. சனிக்கிழமைகளில் குடும்பத்தோடு கோத்தா திங்கியில் அண்ணன் வீட்டுக்குப் போவான். குழு நண்பர்கள் பேச்சைக் கேட்டு, பம்பருக்குள் மூக்கை நீட்டுகிற ஒரு வெள்ளிக் குழாயையும் எண்ணெய் தடவிய பந்தயக் காற்று ஃபில்டரையும் மாட்டியிருந்தான். குளிர்ந்த காற்று நேராக எஞ்சினுக்குப் போகும், பத்துக் குதிரைத்திறன் கூடும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். "சனிக்கிழமை கோத்தா திங்கி போறப்ப மேட்டுல செத்துப் போவுதுக்கா. லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். பெட்ரோலும் நிறையக் குடிக்குது. வாரக் கடைசியில மோசம், அப்புறம் போகப் போகக் கொஞ்சம் பரவால்ல." அதற்கு முன் மூன்று பட்டறை பார்த்திருந்தான். ஒருவர் பிளக் மாற்றினார், ஒருவர் பெட்ரோல் பம்ப் மாற்றினார், மூன்றாமவர் டர்போவையே மாற்றினார். ஸ்கேனர் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் சொன்னது: கோளாறு எதுவும் இல்லை. குழுவோ, வெள்ளிக்கிழமை மாலை அவன் போடுகிற பெட்ரோல்தான் கெட்டது என்று தீர்ப்பு எழுதியிருந்தது. அவன் மனைவி வண்டியை விற்றுவிடச் சொல்லிவிட்டாள்.

உலு திராமைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நீளமான மேடு உண்டு. மூன்றாவது கியரில் அறுபதிலிருந்து நூறுக்குப் போக அந்த வண்டிக்கு ஏழு விநாடி ஆக வேண்டும். நான் ஓட்டியபோது பன்னிரண்டு ஆனது.

எஞ்சினுக்குள் போகிற காற்றை அளக்கிற சென்சார் ஒன்று, குழாயின் வழியில் இருக்கும். அது குறைவாக அளந்தால் எஞ்சினும் குறைவாகவே வேலை செய்யும். பொய் சிறியதாக இருந்தால் ஸ்கேனர் அதைக் கோளாறு என்று எண்ணாது. கழற்றினேன். நகத்தளவு மெல்லிய தகட்டில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. பட்டறையில் எல்லோரும் ஒரே குரலில், "ஃபில்டர் எண்ணெய். இந்தப் பந்தய ஃபில்டர் போடுறவனுக்கெல்லாம் இதே கதைதான்," என்றார்கள். என் விரலில் அது எண்ணெய் போல வழுக்கவில்லை, ஒட்டியது. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் எல்லோரும் அவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது, சோதனைக் காலத்தில் இருக்கிறவள் எதற்கு வாயைத் திறப்பது என்று நினைத்தேன். தாளில் "ஃபில்டர் எண்ணெய்" என்று எழுதினேன். சென்சாரைச் சுத்தம் செய்து, ஃபில்டரை எண்ணெய் இல்லாததாக மாற்றி ஓட்டினேன். ஏழு விநாடி. கையெழுத்துப் போட்டு புதன்கிழமை அனுப்பினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டி திரும்பி வந்தது. சிவநேசன் கோபப்படக்கூட இல்லை. "அதே மேடுக்கா. அதே சாவு," என்றான்.

திரும்பி வந்த வண்டிகளை எழுதுகிற வெள்ளைப் பலகையில் காதர் பாயே சிவப்பு மையில் வண்டி எண்ணை எழுதினார், பக்கத்தில் என் பெயரையும். வட்டார மேலாளர் வர இரண்டு வாரம் இருந்தது. பிறகு காதர் பாய் என் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சென்சார்ல என்ன பார்த்த?"

"பழுப்பா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பாய்."

"என்ன எழுதின?"

"ஃபில்டர் எண்ணெய்."

"பார்த்தது ஒண்ணு, எழுதுனது ஒண்ணு. எதுக்கு?"

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேலை போகிறதே என்பதற்கு அல்ல. எனக்குத் தெரிந்ததை நானே எழுதாமல் விட்டேனே என்பதற்கு.

முகம் கழுவிவிட்டு வந்து சென்சாரை மறுபடி கழற்றினேன். மூன்றே நாளில் புதிதாகப் பழுப்பு. ஃபில்டரிலோ இப்போது எண்ணெயே இல்லை. சுத்தம் செய்கிற ஆல்கஹாலை ஒரு சொட்டு விட்டேன். ஓரம் வெள்ளையாகப் பூத்தது. அந்த வெள்ளையை ஒன்பது வருடம் பார்த்தவள் நான். பலகைகளில் ஈயம் பற்றவைக்கும்போது உருகுகிற பிசின் காய்ந்து, அதில் ஆல்கஹால் பட்டால் இப்படித்தான் பூக்கும். இது எண்ணெய் இல்லை, மரப் பிசின். சரி, காருக்குள் பிசின் எங்கிருந்து வரும்? பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். தாளில் "பிசின். எங்கிருந்து என்று தெரியவில்லை" என்று எழுதினேன். காதர் பாய் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

வண்டியை ஒரு வாரம் எங்களிடம் விடச் சொன்னேன். சிவநேசன் இழுத்தான்.

"வெள்ளிக்கிழமை வண்டி வீட்டுல இருக்கணும்க்கா."

"எதுக்கு?"

"சும்மா. கழுவி வைக்கணும்."

அந்த இடத்திலேயே அவனைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். கார்ப் பைத்தியம், கழுவாமல் தூக்கம் வராது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். எப்படியோ பேசிச் சாவியை வாங்கி, சென்சாரைச் சுத்தம் செய்து மாட்டினேன். வெள்ளிக்கிழமை மாலை அவன் போடுகிற அதே நிலையத்தில், அதே பம்பில், அதே பெட்ரோலை நிரப்பினேன். வண்டி அன்று பட்டறையில் தூங்கியது. சனிக்கிழமை காலை மேட்டில் ஏழு விநாடி. பெட்ரோல் மேல் போட்ட பழி அதோடு தீர்ந்தது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில்தான் ஏதோ நடக்கிறது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் உலு திராமில் அவன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். திங்கள்கிழமை வட்டார மேலாளர் வருகிறார். மிச்சமிருந்தது இந்த ஒரு வெள்ளிக்கிழமைதான்.

வண்டி கழுவி, துடைத்து, பளபளவென்று, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. சிவநேசன் குளித்துவிட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு உள்ளேயிருந்து வந்தான். கையில் தூபக்கால். தணல்மேல் இரண்டு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டு வண்டியை மூன்று சுற்று சுற்றினான். பிறகு தூபக்காலை முன் பம்பருக்கு நேர் கீழே தரையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றான்.

சாம்பிராணிப் புகை மேலே போக வேண்டும். அது போகவில்லை. ஒரு சாண் எழும்பி, வளைந்து, பம்பருக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அந்த வெள்ளிக் குழாயின் மூக்கு.

"எஞ்சின நிறுத்துங்க, தம்பி," என்றேன்.

பயந்து போய் நிறுத்தினான். புகை ஒரு தடவை தடுமாறிவிட்டு நேராக மேலே எழுந்தது.

கைப்பையில் திருப்புளி இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. பானெட்டைத் திறந்து சென்சாரைக் கழற்றினேன். தகடு பழுப்பாக, இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. அவன் மூக்குக்குக் கீழே நீட்டினேன்.

"என்ன வாசன?"

முகர்ந்தான். வாய் திறந்தபடி என்னையே பார்த்தான். "அலமாக். சாம்பிராணி."

சாம்பிராணி மரப் பிசின்தானே. எண்ணெய் தடவிய ஃபில்டரோ வேறு ஃபில்டரோ, அந்த நேரான குழாய் வழியே வருகிற புகையை எதுவும் முழுதாக நிறுத்தவில்லை. வாரத்தில் ஓடும்போது சூட்டில் கொஞ்சம் உதிரும், வெள்ளிக்கிழமை மறுபடி பூசும். அதனால்தான் சனிக்கிழமை மேடு ஏறவில்லை. சாமி கும்பிடுகிற நேரத்தில் ஒரு பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்து பார்க்காதவரை இது யாருக்கும் தெரியப் போவதில்லை.

"ஏன் எஞ்சின ஓடவிட்டுக் காட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"வாங்கின அன்னைக்குக் கோயில்ல பூசை போட்டப்ப ஐயர்தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. அப்படியே செஞ்சுக்கிட்டு வரேன்." படியில் உட்கார்ந்துவிட்டான். "முந்தின வண்டி லாரியில அடிபட்டுச்சுக்கா. அதுலதான் இவளும் பிள்ளைங்களும் இருந்தாங்க. ஒண்ணும் ஆவல. அதுலேருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் விட்டதில்ல. அப்ப நான்தான் கெடுத்தேனா?"

அவன் கண் கலங்கியிருந்தது. "நீங்க ஒண்ணும் கெடுக்கல. நல்லா காட்டுங்க, மூணு சுத்தும் சுத்துங்க. எஞ்சின நிறுத்திட்டுக் காட்டுங்க, அவ்வளவுதான்," என்றேன். உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்து, "அப்ப டர்போ மாத்துனது?" என்றாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு மூவரும் சிரித்தோம்.

திங்கள்கிழமை வட்டார மேலாளர் வந்ததும் நேராகப் பலகையைப் பார்த்தார். காதர் பாய் ஜாப் ஷீட்டை நீட்டினார். "பிசின். எங்கிருந்து என்று தெரியவில்லை" என்ற வரிக்குக் கீழே "சாம்பிராணி. கண்ணால் பார்த்தேன்" என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார். சிவநேசன் விடுப்பு எடுத்து வண்டியோடு வந்திருந்தான். மேலாளரை முன்னால் உட்கார வைத்து, காதர் பாய் பின்னால் உட்கார, சுத்தம் செய்த சென்சாரோடு அதே மேட்டில் ஓட்டினேன். ஏழு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. மேலாளர் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

திரும்பி வரும்போது வேலை நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் வாடிக்கையாளர் சாவி கொடுக்கத் தயங்குகிற விஷயம் இருக்கிறதே என்று இழுத்தார்.

பட்டறைக்குள் திரும்பினால் நிறுத்த இடமில்லை. முற்றத்தில் பதினொரு கார்கள். சிவநேசன் குழு முழுக்கச் சொல்லியிருக்கிறான். மேடு ஏறாதது, பெட்ரோல் குடிப்பது, சிக்னலில் நடுங்குவது, எவனும் காரணம் சொல்லாதது என்று வருடக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்த வண்டிகளை எல்லாம் ஓட்டி வந்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, எங்கிட்ட சாவி குடுக்க மாட்டேங்கிறாங்க. உங்க கையிலதான் குடுப்பாங்களாம்."

ஒவ்வொருவராக வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்கள். பதினொரு சாவி இரண்டு கைக்கும் நிறைந்து போனது. வட்டார மேலாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "தெருஸ்கான்," என்றார். தொடர்ந்து செய் என்று அர்த்தம். எனக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. மறைக்கவும் முயற்சி செய்யவில்லை.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை நான் டெஸ்டராகத்தான் இருந்தேன். அந்தப் பதினொன்றில் மூன்று வண்டிக்கு எண்ணெய் மாற்றினாலே போதுமாக இருந்தது என்பதையும் இந்தக் குழுவின் மானத்தை வாங்க இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தத் திங்கள்கிழமை மாலை பட்டறை அடைக்கிற நேரம், நான் கவுண்டரில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். காதர் பாய் கவுண்டருக்கு முன்னால் வாடிக்கையாளர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் பக்கம் தள்ளினார். அந்த வெள்ளைக் காரின் சாவி.

"முன் பக்கம் இடது புஷ் தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். பாரு."

நான் சாவியைத் தொடவில்லை. ஒரு ஜாப் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

"அது மெக்கானிக் பேச்சு, பாய். உங்களுக்கு என்ன தெரியுது, அத உங்க வார்த்தையில சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். "காலையில வீட்டுலேருந்து கிளம்புறப்ப," என்றார் மெதுவாக, "பக்கத்துல யாரோ உக்காந்து பெருமூச்சு விடுற மாதிரி இருக்கு."

அப்படியே எழுதினேன். சாவியை எடுத்துக்கொண்டு, "பின் சீட்டுக்கு வரீங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம்," என்றார். "நீ ஓட்டிட்டு வந்து சொல்லு. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."